தொண்டர் பட்டியலும் தொண்டின் கணக்கும்

2020 ஆம் ஆண்டு மார்ச் 24 ஆம் நாள் இங்கிலாந்து நாட்டின் சுகாதார அமைச்சர் மக்களிடம் ஒரு வேண்டுகோள் விடுத்தார். கொரோனா நோய் நாடெங்கும் பரவிவந்த நாள்கள் அவை. உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றோர், புற்றுநோய்க்கு மருந்து உண்போர், கடுமையான மூச்சு நோயாளர் என ஏறத்தாழ 15 இலட்சம் பேர் 12 வாரங்களுக்கு வீட்டை விட்டு வெளியே வரவே கூடாது என்று அறிவுறுத்தப்பட்டிருந்தனர். இவர்களுக்கு மருந்தும் மளிகையும் கொண்டு சேர்க்கவும், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புவோரை வண்டியில் அழைத்து வரவும், தனிமையில் வாடுவோரிடம் தொலைபேசியில் நான்கு வார்த்தை பேசவும் 2,50,000 தொண்டர்கள் தேவை என்றார் அமைச்சர். ஒரு நாள் கழிவதற்குள் பெயர் கொடுத்தோர் 4 இலட்சத்தைத் தாண்டினர். மார்ச் 29 ஆம் நாள் அத்தொகை 7,50,000 ஆயிற்று. கேட்டது ஒரு பங்கு, கிடைத்தது மூன்று பங்கு. வந்த விண்ணப்பங்களைப் பார்த்து முடிக்கும் வரை புதிய பெயர்களை ஏற்பதற்கில்லை என்று பதிவை நிறுத்தி வைத்தனர்.

இச்செய்தியைப் படித்தபோது யாத்திராகமத்தில் வரும் ஒரு நிகழ்ச்சி நம் நினைவுக்கு வந்தது. பாலைவனத்தில் திருக்கூடாரம் அமைக்க மோயீசன் காணிக்கை கேட்டார். மக்கள் காலைதோறும் கொண்டு வந்து குவித்தார்கள். இறுதியில் கைவினைஞர்கள் தம் வேலையை விட்டுவிட்டு மோயீசனிடம் வந்து, வேலைக்குத் தேவையானதற்கும் மிகுதியாகப் பொருள் சேர்ந்துவிட்டது என்று முறையிட்டார்கள். இனி எவரும் கொண்டு வர வேண்டாம் என்று பாளையம் முழுவதும் பறைசாற்ற வேண்டியதாயிற்று. காணிக்கை போதாது என்று அறிவிக்கும் பழக்கமே உள்ள நமக்கு இது வியப்பான பகுதிதான். ஆயினும் இதில் நாம் எளிதில் காணாமல் விடும் செய்தி ஒன்று உண்டு. வேலைக்கு எவ்வளவு தேவை, கைக்கு எவ்வளவு வந்திருக்கிறது என்னும் இரண்டையும் அக்கைவினைஞர்கள் அறிந்திருந்தார்கள். அவ்விரண்டில் ஒன்றை அறியாதவர் ‘போதும்’ என்று சொல்ல இயலாது.

இங்கிலாந்தில் நடந்தது என்ன? பெயர் கொடுத்தோரின் கணக்கு நாழிகைக்கு நாழிகை தெரிந்தது. உதவி வேண்டுவோரின் கணக்கு அவ்வாறு தெரியவில்லை. இப்பணியை ஏற்று நடத்தியது ராயல் வாலண்டரி சர்வீஸ் என்னும் பழைய தொண்டு நிறுவனம். தொண்டர்கள் ‘குட்சாம்’ என்னும் கைபேசிச் செயலியின் வழியாகப் பெயர் பதிந்தனர். நல்ல சமாரியனை நினைவூட்டும் பெயர்! திடீரென இதயத் துடிப்பு நின்று விழுந்தவருக்கு அருகில் இருக்கும் முதலுதவி அறிந்தவரை உடனே அழைப்பதற்கென முன்னரே உண்டாக்கப்பட்ட கருவி அது. தொண்டர் தம் கைபேசியில் ‘பணிக்கு ஆயத்தம்’ என்று குறித்து வைப்பார். அவ்வட்டாரத்தில் எவருக்கேனும் உதவி வேண்டுமாயின் மணி ஒலிக்கும். அவர் ஏற்றால் பணி அவருக்கு. ஏற்காவிடின் அடுத்தவருக்குப் போகும். ஏப்ரல் மாதத்தின் முதல் வாரங்களில் மணி ஒலிக்கவே இல்லை என்று குறைப்பட்டுக் கொண்டோர் ஆயிரமாயிரம் பேர். நாள் முழுவதும் கைபேசியை மேசைமேல் வைத்துக் காத்திருந்தவர்கள் உண்டு. வாரக்கணக்கில் ஓர் அழைப்பும் வராமல் மனம் சலித்து, கருவியையே அணைத்துவிட்டவர்களும் உண்டு.

காரணங்கள் பல. தொடக்கத்தில் உதவி தேவைப்படுவோரை மருத்துவர்களும் மருந்தாளுநர்களும் உள்ளாட்சி அலுவலர்களும்தான் பரிந்துரைக்க வேண்டும் என்று வைத்திருந்தார்கள். அவர்களோ நோயாளிகளின் வெள்ளத்தில் மூழ்கியிருந்தார்கள். படிவம் நிரப்ப அவர்களுக்கு ஏது நேரம்? நோயாளிகள் தாமே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளலாம் என்னும் ஏற்பாடு பின்னர்தான் வந்தது. இதற்கிடையில் அரசுக்காகக் காத்திராமல் தெருவுக்குத் தெரு அண்டை வீட்டார் தாமே குழுக்கள் அமைத்து, தம் தெருவின் முதியவர்களைக் கவனித்துக்கொள்ளத் தொடங்கியிருந்தார்கள். இது நல்ல காரணம். இதைக் குறையென்று எவர் சொல்வார்? மூன்றாவது காரணம் மனித இயல்பு. உதவி செய்ய ஓடி வருவோர் பலர். உதவி கேட்கக் கூசாதோர் சிலரே. நம் ஊர்களிலும், வாசலில் வந்து கை நீட்டுவோர் நம் கண்ணில் படுகிறார்கள். கதவைச் சாத்திக்கொண்டு பட்டினி கிடப்போரோ எந்தப் பட்டியலிலும் ஏறுவதில்லை.

அந்த ஏற்பாடு தோற்றது என்று நாம் சொல்லவில்லை. நாள் செல்லச் செல்ல அது நிலைபெற்று, தொண்டர்கள் செய்து முடித்த பணிகள் 10 இலட்சத்தைக் கடந்தன. 2021 இல் தடுப்பூசி நிலையங்களில் வரிசையை ஒழுங்குபடுத்தவும், நடுங்கி வந்த முதியவர்களை நாற்காலியில் அமர்த்தவும் இதே பட்டியலிலிருந்து ஆயிரக்கணக்கானோர் போயினர். 2023 இல் அது சமூகப் பராமரிப்புப் பணிகளையும் சேர்த்து விரிவாக்கப்பட்டு, 2025 மே மாதத்தோடு மூடப்பட்டது. ஆனால் அந்த முதல் வாரங்களில் ஆர்வத்தோடு வந்து, அழைப்பின்றித் திரும்பியவரின் மனம் அடுத்த முறை அவ்வளவு எளிதில் எழுமா என்பதே நம்மை உறுத்தும் கேள்வி.

நம் பங்குகளிலிருந்து சென்ற செவிலியர் பலர் இன்று அந்நாட்டு மருத்துவமனைகளில் பணிபுரிகிறார்கள். அவர்களைக் கேட்டால் அங்குள்ள தொண்டர்களைப் பற்றிச் சொல்வார்கள். அந்நாட்டில் 1948 ஜூலை 5 இல் தொடங்கிய தேசிய சுகாதாரச் சேவையின் மருத்துவமனைகளில் ஊதியம் பெறாத தொண்டர்கள் எப்போதும் இருந்து வந்திருக்கிறார்கள். வாசலில் நின்று வழி காட்டுவார்கள். தாமே உண்ண இயலாதவரின் அருகில் உணவு வேளையில் அமர்ந்திருப்பார்கள். மறதி நோயால் மருண்டு விழிக்கும் முதியவரின் கையைப் பற்றிக்கொண்டு பேசுவார்கள். ஊதியம் பெறும் பணியாளரின் இடத்தைத் தொண்டரைக் கொண்டு நிரப்பலாகாது என்பது அங்கே உறுதியாகச் சொல்லப்படும் விதி. இத்தொண்டர்களை மேற்பார்க்கவென்றே ஊதியம் பெறும் மேலாளர் ஒருவர் பெரும்பாலான மருத்துவமனைகளில் இருக்கிறார். தொண்டு செய்யப் பெயர் கொடுத்தவர் மறுநாளே நோயாளியின் கட்டிலருகே போய்விட முடியாது. விண்ணப்பம், நேர்காணல், இருவரது நற்சான்று, குற்றப் பதிவுகளின் சோதனை, பயிற்சி எனப் பல படிகளைக் கடக்க வேண்டும். இதற்கு வாரங்கள் ஆகும். சில வேளை மாதங்களும் ஆகும்.

நல்ல மேலாளர் எத்தனை பேர் பெயர் கொடுத்தார்கள் என்று மட்டும் எழுதி வைத்து மகிழ்வதில்லை. எத்தனை பேர் நேர்காணலுக்கு வந்தார்கள், எத்தனை பேரின் சான்று இன்னும் வந்து சேரவில்லை, எத்தனை பேர் முதல் நாள் பணிக்கு வந்தார்கள், ஆறு திங்கள் கழித்தும் வருவோர் எத்தனை பேர் என்று படிப்படியாக எழுதி வைப்பார். அப்படி எழுதினால்தான் எந்தப் படியில் ஆள்கள் உதிர்கிறார்கள் என்பது தெரியும். நூறு பேர் விண்ணப்பித்து இருபது பேர் மட்டுமே கட்டிலருகே வந்து சேர்ந்தார்கள் என்றால், மக்களிடம் தயாளம் குறைந்துவிட்டது என்று பிரசங்கம் செய்வதற்கு முன், யாருடைய மேசையில் எண்பது தாள்கள் உறங்குகின்றன என்று பார்க்க வேண்டாமா?

இதைப் படிக்கும் சிலர், ‘சுவாமி, தொண்டுக்குக்கூடவா படிவம்? வலக்கை செய்வதை இடக்கை அறியாதிருக்கட்டும் என்றல்லவோ நம் ஆண்டவர் போதித்தார்?’ என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆண்டவர் தடுத்தது தருமம் செய்பவன் தன் புகழுக்காகத் தானே கணக்கு வைத்துக்கொள்வதை. படுத்திருப்பவனுக்குச் சோறு போய்ச் சேர்ந்ததா என்று சமூகம் கணக்குப் பார்ப்பதை அவர் எங்கும் தடுக்கவில்லை. தாவீது அரசன் தன் படைவலிமையை எண்ணிப் பார்க்க மக்களைக் கணக்கெடுத்துத் தண்டனை பெற்றான் என்பது மெய்யே. ஆனால் நூறு ஆடுகளுள் ஒன்று குறைகிறது என்று அந்த நல்ல ஆயன் எப்படி அறிந்தான்? மாலையில் தொழுவத்தின் வாசலில் நின்று எண்ணியதால் அன்றோ?

ஆதித் திருச்சபையின் முதற் சச்சரவுகளுள் ஒன்று பந்தியில் எழுந்தது என்பதை அப்போஸ்தலர் பணி நூல் மறைக்காமல் சொல்கிறது. அன்றாடப் பகிர்வில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் விடுபட்டுப் போனார்கள். வேண்டுமென்றே விட்டார்கள் என்று நூல் சொல்லவில்லை. கவனிக்கப்படவில்லை என்றே சொல்கிறது. முறையீடு எழுந்தவுடன் அப்போஸ்தலர்கள் ‘எல்லாரும் இன்னும் அன்பாயிருங்கள்’ என்று சொல்லி அனுப்பிவிடவில்லை. நற்பெயரும் ஞானமும் ஆவியின் நிறைவும் உள்ள எழுவரைத் தெரிந்தெடுக்கச் செய்து, பொறுப்பை அவர்கள் கையில் கொடுத்தார்கள். முதல் வேதசாட்சியாகிய புனித முடியப்பர் இப்படிப் பந்திக் கணக்குப் பார்க்க நியமிக்கப்பட்டவரே. புனித சின்னப்பர் திமொத்தேயுவுக்கு எழுதிய முதல் திருமுகத்தில் விதவைகளின் பட்டியலைப் பற்றிப் பேசுகிறார். அறுபது வயதுக்குக் குறையாதிருக்க வேண்டும். விருந்தோம்பியவராய், துன்புற்றோர்க்கு உதவியவராய் ஊரார் அறிந்திருக்க வேண்டும் என்று நிபந்தனைகளையும் வரிசையாகச் சொல்கிறார். இன்று மருத்துவமனை அலுவலகங்களில் கேட்கும் நற்சான்றுக்கு இது அதிகத் தூரமில்லை.

சான்று கேட்பதும் சோதிப்பதும் நல்லவரை அவமதிப்பதாகாதா என்று இன்னும் சிலர் வருந்துவார்கள். இவ்விடத்தில் கசப்பான வரலாறு ஒன்றைச் சொல்லாமல் இருக்க இயலாது. பிள்ளைகள் அருகிலிருந்தால் பெற்றோர் இதனைத் தாமே படித்துக்கொள்ளட்டும்.

ஜிம்மி சாவில் என்பவர் இங்கிலாந்தில் வானொலி, தொலைக்காட்சி வழியாகப் பெரும்புகழ் பெற்றவர். 1968 முதல் லீட்ஸ் நகரின் பெரிய மருத்துவமனையில் நோயாளிகளைத் தள்ளுவண்டியில் கொண்டு செல்லும் தொண்டராகப் பணி செய்தார். ஸ்டோக் மான்டெவில் மருத்துவமனையில் முதுகுத் தண்டு முறிந்தோருக்கான நிலையம் ஒன்று கட்ட மக்களிடம் கோடி கோடியாகப் பணம் திரட்டித் தந்தார். 1983 இல் அது திறக்கப்பட்டது. பிராட்மூர் மனநோய் மருத்துவமனையின் சாவிகளே அவரிடம் இருந்தன. எந்த வார்டுக்கும் எந்த நேரமும் போகலாம். எவரும் கேள்வி கேட்பதில்லை. இப்படிப்பட்ட உபகாரியை எப்படிக் கேட்பது? 2011 இல் அவர் இறந்து, அடுத்த ஆண்டு உண்மை வெளியாயிற்று. லீட்ஸ் மருத்துவமனையைப் பற்றி 2014 இல் வெளியான அறிக்கை, அங்கு மட்டும் 60 பேர் அவரது பாலியல் கொடுமைக்கு ஆளானதாகக் கூறியது. அவர்களுள் இளையவருக்கு வயது 5, மூத்தவருக்கு 75. சிலர் அக்காலத்திலேயே தாதியரிடம் சொல்லியும் அச்சொல் மேலே போகவில்லை. அவர் கத்தோலிக்கர். பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் காலத்தில், 1990 இல், பாப்பரசரின் வீரப்பட்டமும் அவருக்கு வழங்கப்பட்டிருந்தது. ஆகவே பிறர் வீட்டுக் கதை என்று ஒதுக்கிவிட நமக்கு உரிமையில்லை.

இவ்விசாரணைகளையெல்லாம் தொகுத்துக் கேட் லாம்பார்ட் என்னும் வழக்கறிஞர் 2015 பிப்ரவரியில் ஓர் அறிக்கை தந்தார். தொண்டர்களைத் தெரிந்தெடுப்பதும் பயிற்றுவிப்பதும் மேற்பார்ப்பதும் முறையாக நடைபெற வேண்டும்; மருத்துவமனைக்கு வரும் புகழ்பெற்றோரும் பெரும்புள்ளிகளும் துணையின்றி உலவலாகாது; குற்றப் பதிவுச் சோதனையை மூன்றாண்டுக்கு ஒரு முறை திரும்பச் செய்ய வேண்டும் என்பன அதன் பரிந்துரைகளுள் சில. அந்நாட்டுக் கத்தோலிக்கத் திருச்சபையோ தன் சொந்தக் காயங்களின் காரணமாக முன்னரே விழித்திருந்தது. நோலன் பிரபு தலைமையில் அமைந்த குழு 2001 இல் தந்த அறிக்கையின்படி, பங்குதோறும் சிறுவர் பாதுகாப்புக்கென ஒருவர் நியமிக்கப்பட்டார். மறைக்கல்வி கற்பிப்போரும் பீடச் சிறுவரை நடத்துவோரும் சோதிக்கப்பட்ட பின்னரே பணி ஏற்றனர். நம் நாட்டிலும் 2012 முதல் சிறுவரைக் காக்கும் தனிச் சட்டம் நடைமுறையில் உள்ளது. கோயிலும் மடமும் அதற்கு விலக்கல்ல. பீடச் சிறுவரோடு வெளியூர்ப் பயணம் போக முன்வரும் இளைஞரிடம், ‘தம்பி, உம்மைப் பற்றி இருவர் எழுதித் தரட்டும்’ என்று பங்குத் தந்தை கேட்டால் அதனை மனத்தாங்கலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உம் தங்கையையும் தம்பியையும் நம்மிடம் ஒப்படைத்திருக்கும் உம் தாய்க்காகவும் சேர்த்தே அவர் கேட்கிறார்.

பட்டியலும் கணக்கும் மேல்நாட்டு அலுவலகங்களின் பழக்கம் என்று நினைப்போருக்கு நம் பங்குச் சபைகளையே காட்டலாம். 1833 இல் பாரிஸ் நகரில் இருபது வயது மாணவராகிய ஃபிரெடெரிக் ஓசானாம் நண்பர்களோடு தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபையார், ஏழையின் வீட்டுக்குத் தனியே போவதில்லை, இருவராகவே போகிறார்கள். 1921 இல் டப்ளினில் பிறந்த மரியாயின் சேனையின் முதற்பணியே அந்நகரின் ஏழையர் மருத்துவமனையில் நோயாளிப் பெண்களைச் சந்திப்பதாக இருந்தது. புதிதாக வருபவர் மூன்று திங்களேனும் பயிற்சி உறுப்பினராக இருந்த பின்னரே வாக்குறுதி எடுப்பார். வாரந்தோறும் அவருக்கு இன்ன வேலை என்று குறித்துக் கொடுக்கப்படும். அடுத்த வாரக் கூட்டத்தில் எழுந்து நின்று, போனேன், இன்னாரைக் கண்டேன், இது நடந்தது என்று அறிக்கை சொல்ல வேண்டும். செயலர் அதனைக் குறிப்பேட்டில் எழுதுவார். கைபேசிச் செயலி எதுவும் இல்லாமலே நம் பாட்டிமார் நூறாண்டுகளாகச் செய்து வரும் காரியம் இது. அறிக்கை சொல்லும் நேரத்தை வெறும் சடங்காக்கி, ‘போன வாரம் போலவே’ என்று முணுமுணுத்துவிட்டு அமரும் பிரசீடியங்களும் உண்டு. அவற்றைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை.

மேற்சொன்ன ராயல் வாலண்டரி சர்வீஸின் கதையும் இதனோடு ஒட்டியதே. 1938 இல், போர் வரும் என்று அஞ்சிய நாள்களில், ரெடிங் சீமாட்டி என்னும் பெண்மணி மகளிர் தொண்டர் படையாக அதனைத் தொடங்கினார். போர்க்காலத்தில் அதன் உறுப்பினர் தொகை 10 இலட்சத்தை எட்டியது. குண்டு விழும் நகரங்களிலிருந்து குழந்தைகளை நாட்டுப்புறங்களுக்கு அழைத்துச் சென்றவர்களும், இடிபாடுகளின் நடுவே தேநீர் காய்ச்சிக் கொடுத்தவர்களும் இவர்களே. ஒவ்வோர் ஊர் நிலையத்தின் பொறுப்பாளரும் அம்மாதம் என்ன செய்தோம், எத்தனை பேர் வந்தார்கள், எது நடக்கவில்லை என்று மாதந்தோறும் தலைமையகத்துக்கு எழுதி அனுப்ப வேண்டும். காலுறை பின்னியதும், ஊரார் ஒத்துழையாததும், மழையில் வண்டி நின்றுபோனதும்கூட அவற்றில் உண்டு. அந்த அறிக்கைகள் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. அந்நாட்டின் நினைவுச் செல்வங்களுள் ஒன்றாக 2010 இல் யுனெஸ்கோ பதிவேட்டிலும் சேர்க்கப்பட்டன. எழுதிய இல்லத்தரசிகள் அடுப்பங்கரை மேசையில் அமர்ந்து எழுதியிருப்பார்கள். வரலாறு எழுதுகிறோம் என்று நினைத்திருக்க மாட்டார்கள்.

நாம் கேட்டறிந்த ஒரு பங்கில், தவக்காலத் தொடக்கத்தில், அரசு மருத்துவமனை நோயாளிகளைச் சந்திக்க விருப்பமுள்ளோர் பெயர் தரலாம் என்று பூசை முடிவில் அறிவித்தார்கள். 40 பேருக்கு மேல் பெயர் கொடுத்தார்கள். தாள் சக்கரிஸ்தியின் மேசை அறைக்குள் போயிற்று. பாஸ்கு வந்தது, பரிசுத்த ஆவியின் திருநாளும் வந்தது. எவரையும் எவரும் அழைக்கவில்லை. அடுத்த ஆண்டு அதே அறிவிப்பு வாசிக்கப்பட்டபோது எழுந்து வந்தோர் ஆறு பேர். ‘நம் மக்களுக்கு ஆர்வமில்லை’ என்று பங்குப் பேரவையில் ஒருவர் வருந்திப் பேசினாராம்.

தொண்டர் அணி அமைக்க எண்ணும் பங்குகளுக்கு ஒன்று சொல்வோம். அறிவிப்புக்கு முன்னரே தேவையைக் கண்டறியுங்கள். அன்பியங்களின் பொறுப்பாளர் தத்தம் தெருக்களில் படுக்கையில் இருப்போர் எத்தனை பேர், மாதந்தோறும் மருத்துவமனைக்குத் துணையின்றிப் போவோர் எத்தனை பேர் என்று எழுதித் தரட்டும். பன்னிரண்டு வீடுகள் என்றால், இருவர் இருவராகப் போக இருபத்து நான்கு பேர் போதும். அதற்குமேல் முன்வருவோருக்கு வேறு பணியோ அடுத்த திங்களோ சொல்லலாம். பெயர் கொடுத்தவரை ஒரு வாரத்துக்குள் ஒருவர் நேரில் கண்டு பேச வேண்டும். இல்லையென்று சொல்வதானாலும் பேச வேண்டும். இதற்குக் கணினி வேண்டியதில்லை. கோடிட்ட நீள நோட்டு ஒன்று போதும். பெயர், எந்தக் கிழமை, உடன் போகிறவர், சந்திக்கும் வீடு, கடைசியாகச் சென்ற தேதி என்று பத்திகள் வரைந்துகொள்ளலாம். கடைசிப் பத்தியை மட்டும் பெரும்பாலோர் வரைய மறந்துவிடுவார்கள். வருவதை நிறுத்தியவர் ஏன் நிறுத்தினார் என்பதே அது. போய்க் கேட்டால், மகளின் பேறுகாலம் என்பார் ஒருவர்; கூட வந்தவரோடு பிணக்கு என்பார் இன்னொருவர். முழங்கால் வலியால் படியிறங்க முடியவில்லை என்பார் வேறொருவர். பத்தாண்டுகளாக நோயாளிகளை நாடிப் போய்வந்த மூத்த பெண்மணியாக அவர் இருக்கக்கூடும். அவர் பெயரை அப்பக்கத்தில் அடித்துவிட்டு, அதே நோட்டில், சந்திக்க வேண்டிய வீடுகளின் பக்கத்தில் எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.